மலைப் பக்கம் திருப்பிய குழாய்

பேய் பிசாசு என்று எவனாவது ஆரம்பித்தால், "வரச்சொல்லுடா, டீ வாங்கித் தர்றேன்" என்று சொல்கிற ஆள் நான். இதைக் கேட்டுவிட்டு நீங்கள் என்னைக் கிண்டல் செய்வீர்கள், செய்யுங்கள், ஊரையே கிண்டல் செய்தவனுக்கு அது வேண்டியதுதான். ஆனால் நடந்தது நடந்ததுதான், அதுவும் ராத்திரி கூட இல்லை, நல்ல வெயிலில்.

செஞ்சி கடைத்தெருவில் தஸ்தகீர் பாயிடம் எனக்கு மைக் செட் வேலை. பாய் மூங்கில் கம்பத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டித் திருப்புவார். என் கூட்டாளி ஏழுமலை ஒரு சிவப்புத் துண்டோடு தூரமாக நடந்துபோய்க் கேட்பான். சத்தம் தெளிவாக இருந்தால் துண்டைத் தலைக்கு மேல் தூக்குவான், இல்லாவிட்டால் குழாயை எந்தப் பக்கம் திருப்பவேண்டுமோ அந்தப் பக்கம் வீசுவான். அதுவரை மைக்கில் பேசிக்கொண்டே இருப்பது நான்.

அன்றைக்குக் கோட்டை மலைக்குக் கிட்டே, கரண்ட் வராத ஒரு ஊரில் கல்யாணத்துக்கு பேட்டரியில் செட் போட்டோம். மலையடி வீடுகளுக்கும் பாட்டு கேட்கவேண்டும் என்று பெண்ணின் அப்பா பிடிவாதம். மலையைப் பார்த்துக் குழாய் வைப்பது பாய்க்குப் பிடிக்காது. சத்தம் பாறையில் மோதித் திரும்பி வந்து அடுத்த வார்த்தையின் காலை வாரிவிடும். அதனால் குழாயின் வாயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே சாய்த்து, வீட்டு வாசல் உயரத்துக்கு இறக்கவேண்டும். எதிரொலி எப்போது நிற்கிறது என்று கேட்க ஏழுமலை மலையை நோக்கி நடந்தான்.

"இன்னும் கொஞ்சம் போடா ஏழுமல, உன் மாமியா வூடு அங்கதான் இருக்குது!" என்றேன்.

மலையும் அதையே சொன்னது. பந்தல் போடுகிறவர்கள் சிரித்தார்கள். பாய் சாய்க்கச் சாய்க்க எதிரொலி தேய்ந்து நின்றே போனது. சிவப்புத் துண்டு மேலே போனது.

"போதும், வாடா" என்றேன்.

"இன்னும் கொஞ்சம் போடா" என்றது மலை. என் குரலில்.

நம்பினால் நம்புங்கள். ஏழுமலை சரி என்பது போல் துண்டை ஆட்டிவிட்டு மேலே நடந்தான். கடைசி வீட்டுக்கு அப்பால் பாறை இடுக்கில் ஆழமான சுனை. அவனுக்கு நீச்சல் தெரியாது.

"டேய், திரும்புடா! சொனை இருக்குதுடா!"

"இன்னும் கொஞ்சம் போடா."

"பாய், நான் சொல்லல பாய்! மலை பேசுது!"

"கல்யாண வூட்லயும் உன் வெளையாட்டாடா?" கம்பத்தின் மேலிருந்து பாய் சிரித்தார். பந்தல்காரர்களும் சிரித்தார்கள். என் பேச்சை யார் நம்புவார்கள்? இரண்டு கையாலும் வாயைப் பொத்திக் காட்டினேன், அதற்கும் சிரித்தார்கள். பேட்டரி ஒயரைப் பிடுங்கி எறிந்தேன். குழாய் செத்துப்போனது.

"இன்னும் கொஞ்சம் போடா."

பாயின் சிரிப்பு அப்போதுதான் நின்றது. குதித்து இறங்கினார், ஓடினோம். ஓடிக்கொண்டே நான் கத்தக் கத்த அது பதில் சொன்னது, அவன் நடை வேகமானது. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினேன். வாயை வைத்துப் பிழைக்கிறவன் நான், அந்த வாயைத் திறந்தாலே ஏழுமலை சாவான் என்றால் என்ன செய்வேன் சொல்லுங்கள்.

சுனைக்குள் மார்பளவு தண்ணீரில், துண்டை உயர்த்திப் பிடித்தபடி அவன் நின்றிருந்தான். அடுத்த அடி வைப்பதற்குள் பாய் அவன் தலைமயிரைப் பிடித்து இழுத்துவிட்டார்.

"நீதானேடா போவச் சொன்ன?" என்றான், கோபமே இல்லாமல்.

கல்யாணம் குழாய் இல்லாமலே நடந்தது. ஏழுமலைக்கு ஒன்றும் ஆகவில்லை, இப்போதும் எங்களோடுதான் வேலை செய்கிறான். ஆனால் நான் எது பேசினாலும் அவன் உடனே பதில் சொல்வதில்லை. மலைப் பக்கம் காதைச் சாய்த்து, எதிரொலி வந்து சேர எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் காத்திருந்துதான் வாயைத் திறக்கிறான்.

போன வாரம் டீக்கடையில், "சாப்டியாடா?" என்று கேட்டேன். வழக்கம்போல் காத்திருந்தான்.

"இல்லடா, நான் வரல" என்றான். "அங்க தண்ணி ஆழமா இருக்குது."