சின்ன மோட்டார் போதும் என்றார் அப்பா

எங்கள் அப்பா மீன்சுருட்டிக்குத் தெற்கே, கொள்ளிடக் கரையில் பிறந்தவர். சிறுவயதிலேயே தந்தையை இழந்து, துடுப்புப் பிடித்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினார். தண்ணீர் இழுக்கும் மாதங்களில் எதிர்த்துத் துடுப்புப் போட்டே வலது தோள் விட்டுப்போயிற்று. அதனால்தான் மீன்பிடிப் படகுக்கு மோட்டார் மாட்ட ஆசைப்பட்டார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. அப்பா கடற்கரை ஊர்களுக்குப் போய் விசாரித்து வந்தார். நம் படகு சின்னது, ஆற்றில் மணல்திட்டுகள் வேறு. ஐந்து குதிரைத் திறன் போதும், அதற்கு மேல் போனால் பின்பக்கம் அமுங்கிவிடும் என்றார். அண்டாத் தண்ணீரில் கிண்ணத்தை மிதக்கவிட்டு, ஓரத்தில் கல்லை வைத்து அம்மாவுக்கு விளக்கியும் காட்டினார். அம்மா கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தார்.

வாங்கிவரப் போனவர் அம்மாவின் தம்பி. நாகப்பட்டினம் பக்கம் மீன் வியாபாரம் செய்த அந்த மாமாவுக்குத் திருமணம் செய்துவைத்ததே அப்பாதான். மாமா கொண்டுவந்ததோ இருபத்தைந்து குதிரைத் திறன். அப்பா தயங்கினார்.

"சின்னது கிடைக்கல மச்சான். மேல ஆன பணத்த நானே போட்டுக்கிட்டேன். ஓட்டிப் பாருங்க, ஒத்துவரலன்னா மாத்திட்டு வரேன்" என்றார் மாமா.

அப்பா நம்பி ஏறினார். மாமா கரையிலேயே நின்றுகொண்டார். முடுக்கிய வேகத்தில் முன்பக்கம் தூக்க, பின்பலகை பிளந்து படகு மூழ்கியது. மணல் அள்ளிக்கொண்டிருந்தவர்கள் குதித்து அப்பாவைக் கரைசேர்த்தார்கள், மோட்டாரையும் எடுத்தார்கள். அதை மாற்றிவருவதாக எடுத்துப்போன மாமா திரும்பவில்லை.

மாதங்கள் கழித்து அப்பா தேடிப் போனார். மாமாவின் புதுக் கடல்படகில் அதே மோட்டார் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது.

"மாப்ள, தெரிஞ்சேதான் என்னை ஏத்துனியா?" என்று கேட்டாராம்.

"உங்க படகுக்கு நீங்க அளவு சொன்னீங்க. என் படகுக்கு நான் வாங்கிக்கிட்டேன்."

அப்பா சண்டை போடவில்லை. பஸ் ஏறி வந்து, அம்மாவிடம் அதை மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். பலகையைச் சரிசெய்து, நோகும் தோளோடு கடைசிவரை துடுப்புப் போட்டே எங்கள் மூவரையும் ஆளாக்கினார். காய்ச்சலில் கிடந்த இறுதி நாட்களில்கூட மாமாவைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. எனக்கு அந்த மனம் வாய்க்கவில்லை.

காரியத்தன்று மாமா பிறந்த வீட்டுக் கோடியோடு வந்தார். அதைப் போர்த்திக்கொள்ள அம்மா தலைகுனியவில்லை.

"அதை எடுத்துட்டுப் போடா. தண்ணிக்குள்ள குதிச்சவங்க வூட்டுக் கோடி வந்துருச்சு" என்றார்.

அன்று ஆற்றில் குதித்தவர்களுக்கும், அவர்களுள் தம்பி முறையில் நின்று அம்மாவுக்குக் கோடி போர்த்திய பெரியவருக்கும், ஜெயங்கொண்டம் மருத்துவமனையில் அப்பாவைக் கவனித்த செவிலியருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டது.

இவர்களே எங்கள் உறவு.

— மூத்த மகள்