மகள் சொல்லாத பட்டியல்

அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில் நான் பிறந்த லயத்துக்கு ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருபது காம்பரா, குடும்பத்துக்கு ஓர் அறை. தோட்டப் பாடசாலையில் முப்பத்தொரு வருடம் படிப்பித்துவிட்டு இப்போதும் அதில் பதினோராவதில்தான் இருக்கிறேன். மகள் கொழும்பில் ஓர் அமைச்சில் மொழிபெயர்ப்பாளர். அமைச்சரவைப் பத்திரங்கள் அவள் கையால்தான் தமிழாகின்றன. முடிவு வெளிவரும்வரை ஒரு வரியையும் வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

இந்தப் பொங்கலுக்கு அவள் மூன்று நாள் லீவில் வந்தாள். பழைய லயங்களை உடைத்து வேறிடத்தில் வீடு கொடுக்கப் போகிறார்கள், பட்டியல் அமைச்சரவைக்குப் போயிருக்கிறது என்று தோட்டமெங்கும் பேச்சு. நானோ அடுப்பெரிக்கும் குசினிக்குத் தரை போட ஆறு மூட்டை சீமெந்து இறக்கி முன்வாசல் இஸ்தோப்பில் அடுக்கியிருந்தேன். வந்ததும் அதைப் பார்த்தாள்.

"இப்ப எதுக்குப்பா அவசரம்? அப்பறமா போட்டுக்கலாமே."

அவ்வளவுதான் சொன்னாள். நான் மூட்டைகளைத் தார்ப்பாய்ப் படங்கால் மூடினேன். பொங்கலன்று காலையில், சுவர் எழுப்பத் தொடங்கியிருந்த பக்கத்துக் காம்பராக்காரரிடம் மட்டும், "கொஞ்சம் பொறுத்துக் கட்டுங்க" என்றேன். மத்தியானத்துக்குள் நான்காம் வீட்டில் மறுநாளைக்கு மேசன் வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். பொழுது சாய்வதற்குள் ஏழு வீடுகளில் வேலை நின்றது.

பக்கத்துக் காம்பராக்காரரின் மனைவி பொங்கல் சட்டியோடு வந்தாள்.

"பாப்பா, நம்ம லயம் பேரு இருக்குதா? வாயத் தொறக்க வேணாம், தலைய ஆட்டு, போதும்."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க அக்கா."

"தெரியாத புள்ளயோட அப்பா எதுக்கு சீமெந்த மூடி வச்சிருக்காராம்? மாஸ்டர் என்ன, கோழிக்குஞ்சா பொரிக்கிறாரு?"

மகளின் முகம் வெளுத்துவிட்டது. அந்தப் பெண் போனதும் கதவைச் சாத்தினாள்.

"எத்தன பேருகிட்ட சொன்னீங்க?"

"ஒரே ஒருத்தர்."

"எல்லாத்தையும் எண்ணுவீங்களே, வெளிய போய் எண்ணிட்டு வாங்க. இது என் வாயில இருந்து வந்துச்சுன்னு ஒருத்தன் எழுதிப் போட்டா வேல போயிரும்பா. நான் உங்களுக்கு ஏதாச்சும் சொன்னேனா?"

"அவசரம் வேணாம்னு சொன்னியே..."

"சீமெந்துத் தூசிக்கு எனக்கு இருமல் வரும். நான் இருக்கிற மூணு நாளைக்கு வேணாம்னேன்."

அவள் முகத்தையே பார்த்தேன். அதில் எண்ணிச் சரிபார்க்க எதுவும் இல்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, எல்லாரும் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும் நேரமாகப் பார்த்துப் படங்கை உருவினேன். முதல் மூட்டையை இஸ்தோப்பிலேயே கிழித்துக் கொட்டி மணலோடு கலந்தேன். கொழுந்து பறிக்கப் போன பெண்கள் நின்றார்கள்.

"என்ன மாஸ்டர், விடிஞ்சதும் விடியாததுமா?"

"தரை போடுறேன். எவ்வளவு நாளைக்குத்தான் பொறுக்கிறது?"

கலவையைப் புரட்டினேன். என்னைப் பார்த்து அவர்களும் கட்டி, பிறகு உடைக்க வந்தால்? மகள் மூக்கை முந்தானையால் கட்டிக்கொண்டு தண்ணீர் வாளியோடு வந்தாள். இரண்டு முறை இருமினாள். நான் அதையும் எண்ணினேன்.

அவள் புறப்பட்ட நாளில் நான்கு வீடுகளில் வேலை மறுபடி தொடங்கியிருந்தது, மூன்றில் இல்லை. பஸ்ஸில் ஏறி ஜன்னலைத் திறந்தாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று கிட்டப் போனேன்.

"ஏழு நாளைக்குத் தண்ணி ஊத்துங்கப்பா. இல்லாட்டி தரை வெடிச்சிரும்."

இன்று ஐந்தாம் நாள். ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.