சம்பந்தி வீட்டுக் கரண்டு

என் வீட்டுக்காரருக்கு உலகத்தில் தெரியாதது என்று ஒன்றுமில்லை. கேட்டுப் பாருங்கள், அவரே சொல்வார். இருபத்திரண்டு வருஷம் வளைகுடாவில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்தவர். அதனால் சூட்டையும் குளிரையும் பற்றி அவருக்கு யாரும் எதையும் சொல்லிவிடக் கூடாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் மின்சாரக் கார் வாங்கினார். கூடவே தந்த கையேட்டைப் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் முன்பெட்டிக்குள் போட்டு, அதன் மேல் ஆலயத்தில் கொடுத்த வாக்குத்தத்த அட்டையை வைத்தார். வாக்குத்தத்த அட்டை புதுவருஷத்துக்குப் புதுவருஷம் மாறியது. கையேடு உறையோடு அப்படியே கிடந்தது.

எங்கள் ஊர் பத்மநாபபுரத்துக்குப் பக்கம். அங்கே காருக்கு ஹீட்டர் எதற்கு? மார்கழியில் மின்விசிறியை ஒரு எண் குறைத்து வைப்போம். எங்கள் குளிர்காலம் அவ்வளவுதான். காரில் சிவப்புக் கோடு போட்ட அந்தப் பொத்தானை மூன்று வருஷமாக யாரும் தொட்டதில்லை.

தொடவேண்டி வந்தது மகளால். ஊட்டியில் குடியேறிவிட்ட எங்கள் ஊர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்றில்தான் அவளைக் கொடுத்திருக்கிறோம். தலைப்பிரசவம். ஐந்தாம் மாதத்திலேயே அந்தக் குளிர் ஒத்துக்கொள்ளாமல் அவளுக்கு வீசிங் வந்து இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நெஞ்சில் குளிர் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஏழாம் மாதத்திலேயே கீழே கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஏழாம் மாதம் பிறந்ததும் பலகாரத்தோடு அழைக்கப் புறப்பட்டோம். ரயிலில் போகலாம் என்றேன். நம்ம வண்டி எதுக்குக் கெடக்கு என்றார்.

ஏழு எவர்சில்வர் பாத்திரம் நிறைய முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் அதிரசமும். சம்பந்தி ஆசைப்பட்டுக் கேட்டார் என்று இனயம் கடற்கரையிலிருந்து வாங்கின நெத்திலிக் கருவாடு ஒரு பொதி. அத்தனையையும் ஏற்றிக்கொண்டு, போகிற வழியெல்லாம் நின்று நின்று சார்ஜ் போட்டு, மேட்டுப்பாளையத்தில் கடைசியாக ஒரு தடவை நிரப்பிக்கொண்டு மலை ஏறினோம். குன்னூர் தாண்டியதும் எனக்குக் கை விறைத்தது. இவர் பெரிய மனசு பண்ணி ஹீட்டரைப் போட்டார். ஒரு நிமிஷத்தில் வண்டிக்குள் கருகல் வாடை.

முதலில் பழி கருவாட்டின் மேல் விழுந்தது. கருவாடு ஏன் கருகப்போகிறது என்று கேட்டேன். உடனே வயர் தீய்கிறது என்று தீர்ப்பை மாற்றினார். வண்டியை ஓரங்கட்டி, எல்லாவற்றையும் அணைத்து, என்னையும் இறக்கிவிட்டு, முன்மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு ஒன்றும் புரியாமல் உள்ளே எட்டிப் பார்த்தார். நான் சால்வைக்குள் நடுங்கிக்கொண்டு மகளுக்குப் போன் போட்டேன். வண்டி வாங்கின வாரமே கையேட்டைப் போனில் இறக்கிப் படித்தவள் அவள். மூன்று வருஷமாகப் போடாத ஹீட்டரில் தூசி படிந்திருக்கும், கொஞ்ச நேரம் ஓடவிட்டால் வாடை போய்விடும் என்றாள். ஓடவிட்டோம், போய்விட்டது. நானும் அதைத்தானே நினைத்தேன் என்றார் மகான். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

சம்பந்தி வீட்டை அடையும்போது பேட்டரியில் முப்பத்திரண்டு சதவீதம்தான் மிச்சம். வராந்தாவில் இருந்த பெரிய பிளக்கில் சார்ஜரை மாட்டினார். சம்பந்தி, ராத்திரி முழுக்கக் கிடக்கட்டும், தாராளமாகப் போடுங்கள் என்றார். நல்ல மனிதர், குறை சொல்லக் கூடாது. ஆனால் சார்ஜர் ஓடத் தொடங்கிய நேரம் அடுக்களை பல்பு ஒருதரம் மங்கி எரிந்தது. சம்பந்தியம்மா பல்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பார்த்தார், அவ்வளவுதான்.

எனக்கு அது போதாதா? பெண்ணைக் கொடுத்த வீட்டில் கை நனைப்பதற்கே யோசிக்கிற குடும்பத்தில் வளர்ந்தவள் நான். என் அப்பா என் கல்யாணத்துக்குப் பிறகு, எனக்கு ஒரு பிள்ளை பிறக்கும்வரை, என் மாமியார் வீட்டில் ஒரு சாயா குடித்ததில்லை. இங்கே நாங்கள் வந்து சாப்பிட்டு, படுத்து, போதாததற்குக் காருக்கும் சேர்த்து அவர்கள் வீட்டுக் கரண்டை உறிஞ்சுவதா? நாளைக்கு என் மகளை ஒரு சொல் சொல்லிவிட்டால்? சாயங்கால ஜெபம் முடிந்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்ததும், கை கழுவுகிற சாக்கில் வராந்தாவுக்குப் போய்ப் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். இறக்கம்தானே, வண்டி தானாக இறங்கிவிடும் என்று நினைத்தேன். என் புத்தி.

காலையில் புல்லெல்லாம் உப்பு தூவினது மாதிரி உறைபனி. ஏறின கொஞ்சமும் குளிரில் போய், வண்டியில் இருபத்தேழு என்று காட்டியது. இவர் திரையைப் பார்த்தார். வராந்தாவைப் பார்த்தார். “தணுப்புல சார்ஜ் ஏறல்ல போல” என்றார். இருபத்திரண்டு வருஷம் ஏசி பார்த்த ஆளுக்குத் தணுப்பு தெரியாமல் போயிற்றா என்று சம்பந்தி காதில் விழாமல் நன்றாகக் குத்தினேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பிறகு வழியனுப்பு ஜெபம். மகளுக்கு வண்டி சூடாக இருக்கட்டும் என்று ஹீட்டரை முழுசாகப் போட்டுவிட்டு, நாலு கதவையும் திறந்துபோட்டுவிட்டு, எல்லாரும் வண்டியைச் சுற்றி நின்று கண்ணை மூடினோம். சம்பந்தி ஜெபத்தில் பஞ்சம் வைக்கிறவர் இல்லை. பிறக்கப்போகிற பிள்ளையில் தொடங்கி, துபாயில் இருக்கும் தன் மருமகன், கனடாவில் படிக்கிற கொழுந்தியாள் மகன், மூட்டுவலிக்காரப் பெரியம்மா என்று ஒருவர் விடாமல் ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஹீட்டரோ நீலகிரி மலையைச் சூடாக்கிக்கொண்டிருந்தது. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் பதினெட்டு.

இவர் அசரவில்லை. இறக்கத்தில் வண்டி தன்னைத்தானே சார்ஜ் பண்ணிக்கொள்ளும், போகப் போக ஏறும் பார் என்று எங்கள் மருமகன் எதிரில் சவடால் அடித்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். அது ஏறுகிற வழியாக இல்லை. பத்து நிமிஷத்தில் திரையில் மஞ்சள் நிறத்தில் ஒரு ஆமைப் படம் வந்து நின்றது. அதற்குக் கீழே இங்கிலீஷில் இரண்டு வரி. பேட்டரி குளிர்ந்து கிடக்கிறது, சக்தியைக் குறைத்திருக்கிறேன் என்று அர்த்தம். பேட்டரி சூடேறும்வரை இறக்கத்தில் ஓடினாலும் சார்ஜ் ஏறாது என்று மகள் பின்சீட்டிலிருந்து சொன்னாள். ராத்திரி முழுக்கச் சார்ஜில் கிடந்திருந்தால், வண்டி பிளக்கில் இருக்கும்போதே ஹீட்டரையும் போட்டுவைத்துவிட்டு நிறைந்த பேட்டரியோடு சூடாகப் புறப்பட்டிருக்கலாமாம். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஹீட்டரை அணைத்தார். அணைத்ததும் எங்கள் மூச்சுக்காற்றே கண்ணாடியில் படிந்து ரோடு மறைந்தது. ஒரு கையால் ஸ்டியரிங், இன்னொரு கையால் துண்டு, துடைத்துத் துடைத்து ஓட்டினார். எண் பதினான்கு, பதிமூன்று என்று இறங்கியது. மகள் இருமத் தொடங்கினாள். இருமல் நின்ற இடத்தில் அந்த விசில் சத்தம், ஐந்தாம் மாதத்தில் கேட்ட அதே சத்தம். அவள் வயிற்றின் மேல் என் சால்வையைப் போட்டேன், கம்பளியைப் போட்டேன், அவள் பாதத்தை என் மடியில் வைத்துத் தேய்த்தேன். ஐஸ் மாதிரி இருந்தது. எனக்கு நெஞ்சு பதறியது. பதறினால் எனக்கு வாய்தான் வேலை செய்யும்.

“ஒங்க வாயில உள்ள சூட்டுல பாதி இந்த வண்டியில இருந்தா எனக்க பிள்ள இப்பிடிக் கெடந்து வெறைக்காது. எல்லாம் தெரியுமாம். ஒரு வண்டிக்குச் சார்ஜ் போடத் தெரியுதா?”

குன்னூருக்கு முன்னால் ஒரு சாயாக்கடை தெரிந்ததும் அவர் வண்டியை அதன் எதிரில் நிறுத்தினார்.

மகளைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்தோம். இன்ஹேலர் அடித்தாள். கடைக்காரர் கேட்காமலேயே வெந்நீர் கொண்டுவந்தார். அதுக்கப்புறம் செய்யவேண்டியதை நான்தான் செய்தேன். சம்பந்தி வீட்டில் வேண்டாம் என்று பிடுங்கியதை, முன்பின் தெரியாத மனிதரிடம் போய், அண்ணே, கொஞ்ச நேரம் கரண்டு தருவீங்களா என்று கெஞ்சினேன். அதுக்கென்னம்மா என்று கிரைண்டர் பிளக்கைக் கழற்றி இடம் கொடுத்தார்.

இரண்டு மணி நேரம் உட்கார்ந்தோம். வெயில் வந்தது. மகளின் மூச்சு மெல்லச் சீரானது. வெளியே அவர் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றார். துடைக்க ஒன்றுமில்லை, சும்மா துடைத்தார். பாரு ஒனக்க அப்பாவ, கையேட்டைப் படிக்க உடம்பு வணங்காத ஆளு கண்ணாடி துடைக்கிற அழகை என்று மறுபடியும் ஆரம்பித்தேன். மகள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

“அம்மா, போதும். நீங்க பிளக்கைப் புடுங்குனத அப்பா அப்பமே பாத்தாச்சு. காலையிலயாவது கொஞ்ச நேரம் மாட்டுவோம்னு நான் சொன்னேன். வேண்டாம் மக்களே, ராத்திரி புடுங்குனது ஏன்னு ஒனக்க மாமியார் கேட்டா ஒனக்க அம்மைக்குக் கொறச்சலா இருக்கும்னு சொல்லிட்டாரு.”

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் சத்தம் போட்டுப் பிழைத்தவள் நான். அன்றைக்கு ஆரம்பித்ததைப் பாதியில் விட்டு எழுந்தேன். ஒரு சாயாவை வாங்கிக்கொண்டு அவரிடம் போய் நீட்டினேன். வாங்கிக்கொண்டு, பிள்ளைக்கு மூச்சு எப்படி இருக்கு என்று கேட்டார். சமாதானம் ஆயிற்று என்றேன். ஹீட்டரை மெதுவாக வைத்துக்கொண்டு இறங்கினோம். பேட்டரி சூடேறி, கீழே போகப் போக எண் ஏறத்தான் செய்தது. நானும் அதைத்தானே சொன்னேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஆலய வாசலில் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். மின்சாரக் கார் ஊட்டிக் குளிரில் மக்கர் பண்ணியதாமே என்று ஒருவர் சிரித்தார். எல்லாம் தெரிந்த என் வீட்டுக்காரர், இருபத்திரண்டு வருஷ அனுபவசாலி, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

“வண்டியில ஒண்ணுமில்ல. நான்தான் சார்ஜ் போட மறந்திட்டேன். எனக்குத் தெரியாமப் போச்சு.”

எல்லாரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.