பெயர் எழுதாத கவர்கள்

ஐலா ருவோனாவுக்கு எங்கள் ஊரில் இரண்டு பெயர்கள். நேரில் ஐலா, முதுகுக்குப் பின்னால் வார்த்தைக்காரி. இரண்டாவது பெயரை வைத்த புண்ணியவதி நான்தான்.

என் பெயர் பெர்னி. அமெரிக்காவின் வட எல்லையில் சுப்பீரியர் ஏரிக்கரையில், வருடத்தில் ஆறு மாதம் பனியை வாரிக்கொண்டே இருக்கும் இந்த ஊரின் மருந்துக் கடையில் கல்லா என்னுடையது. கல்லாவிலிருந்து பத்தடி தள்ளி ஐலாவின் ராஜ்ஜியம். ஜனங்கள் தாங்களே போனை இணைத்துப் படத்தை அச்சடித்துக்கொள்கிற இயந்திரங்கள் இரண்டு, பெரிய படங்களுக்குப் பின்னறையில் ஒன்று, அச்சான படங்களைக் கவரில் போட்டு வைக்க ஒரு நீள டிராயர், அவ்வளவுதான். அறுபத்துமூன்று வயது, ஒல்லி உடம்பு, கழுத்தில் சங்கிலி கட்டித் தொங்கும் மூக்குக் கண்ணாடி. பேச்சில் மகா கஞ்சம். நான் ஒரு நாளில் பேசுவதை அவள் ஒரு குளிர்காலத்துக்கு வைத்துக்கொள்வாள்.

யாராவது திரைக்கு முன்னால் நின்றால் ஐலா முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வாள். உதவி கேட்டால்கூட "நான் பாக்கலாமா?" என்று கேட்ட பிறகுதான் கண்ணாடியை மாட்டுவாள். வேலை முடிந்ததும் படங்களை அழிக்கவா என்று இயந்திரம் கேட்கும். ஊரில் பாதிப் பேர் அதற்குள் வாசலைத் தாண்டியிருப்பார்கள். அடுத்து வருகிறவர் விரலை வைத்தால், முன்னால் போனவரின் மச்சினி இரவு உடையில் நாய் குளிப்பாட்டுவது வரை திரையில் தெரியும். ஐலா ஓடி வந்து, கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டே அழிக்கும் பொத்தானை அமுக்கி, திரையில் இருக்கும் விரல் ரேகையையும் துணியால் துடைத்துவிடுவாள். பின்னறை இயந்திரத்திலும் படங்கள் கவிழ்ந்து விழுகிற மாதிரி தட்டைத் திருப்பி வைத்திருந்தாள். முதுகுப் பக்கத்தை எண்ணிக் கவரில் போடுவாள்.

வார்த்தை விஷயம் வந்தது பதினொரு வருடத்துக்கு முன்பு. எங்கள் ஊரில் பலருக்கு ஹெய்க்கினென்தான் குடும்பப் பெயர், கல்லை எறிந்தால் ஒரு ஹெய்க்கினென் மேல்தான் விழும். அதில் ஒரு ஹெய்க்கினென் பையன், தான் கட்டிக்கொள்ளக் கேட்கவிருந்த பெண்ணுக்கு ரகசியமாக வாங்கிய மோதிரத்தைப் படம் எடுத்து அச்சுக்குப் போட்டிருந்தான். கவர் தவறுதலாக இன்னொரு ஹெய்க்கினெனிடம் போனது. அது அவன் அத்தை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காப்பி ஆறுவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது, கடைசியாகத் தெரிந்துகொண்டது அந்தப் பெண். கல்யாணம் நடந்து இப்போது மூன்று பிள்ளைகள். ஆனால் ஐலாவுக்கு மட்டும் அது ஆறவில்லை. மறு வாரத்திலிருந்து கவரில் பெயர் எழுதுவதை நிறுத்திவிட்டாள். படம் கொடுக்கிறவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், கவரில் அதுதான் இருக்கும். வார்த்தையைச் சொன்னால் கவர் வரும். பெற்ற தாயே வந்தாலும் வார்த்தை இல்லாமல் வராது.

கிழவர் டொய்வோ முதல் நாளே சண்டைக்கு வந்தார்.

"ஏம்மா, நாப்பது வருஷமா பக்கத்துப் பக்கத்து வீட்டுல இருக்கோம். என் மூஞ்சி உனக்குத் தெரியாதா?"

"மூஞ்சி தெரியுது. வார்த்தை சொல்லுங்க."

"வார்த்தையும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது."

ஐலா கவரில் மண்ணாங்கட்டி என்று எழுதி டிராயரில் போட்டாள். இன்று வரைக்கும் டொய்வோவின் வார்த்தை அதுதான்.

நான் இதையெல்லாம் கேலி செய்தே பொழுதை ஓட்டியவள். எனக்கு என் ஞாபக சக்தியில் ஒரு கர்வம். கடைக்கு வருகிற இருநூறு குடும்பங்களின் சலுகைப் புள்ளிக் கணக்குக்கான போன் எண்கள் எனக்கு மனப்பாடம். அவர்கள் வாயைத் திறப்பதற்குள் எண்ணைத் தட்டி, சலுகைப் புள்ளியை ஏற்றிவிடுவேன். "பெர்னி ஒரு கம்ப்யூட்டர்" என்று யாராவது சொன்னால் போதும், அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு வேண்டாம்.

போன மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை டானெல் சாலோ வந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறவள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். வழக்கமாகப் பிள்ளைகளின் ஹாக்கிப் படத்தைப் போனிலிருந்து அனுப்புவாள். அன்றைக்குக் கழுத்தில் துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டு, ஒரு பழைய கேமராவின் மெமரி கார்டைக் கையில் பொத்திக்கொண்டு வந்து, இயந்திரத்தில் செருகி, பெரிய அளவில் ஆறு படங்கள் கேட்டாள். அந்தப் படங்களில் என்ன இருந்தது என்று எனக்குப் பிறகுதான் தெரியும். உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். அவள் கை, அவள் தோள், அவள் கழுத்து. காயமெல்லாம் அவள் புருஷன் கிர்க்கின் கைவேலை. வியாழக்கிழமை அவள் நீதிமன்றத்துக்குப் போய், அவன் தன் பக்கத்தில் வரக் கூடாது என்று தடை கேட்கப் போகிறாள். வக்கீல் காகிதத்தில் படம் கேட்டிருக்கிறார். இருவர் போனும் ஒரே கணக்கில் இருப்பதால், அவள் போனில் எடுத்தால் அவன் போனிலும் தெரியும். அச்சானதை வீட்டில் வைக்கவும் முடியாது.

"வியாழக்கிழமை வரைக்கும் இங்கயே இருக்கலாமா ஐலா?"

"இருக்கும். வார்த்தை சொல்லு. உன்னை நெனச்சா உன் வீட்டுல யாருக்கும் நெனப்புக்கு வராததா சொல்லு."

டானெல் குனிந்து ஐலாவின் காதில் ஏதோ சொன்னாள். பிறகு என் கல்லாவுக்கு வந்து ரொக்கமாக நீட்டினாள். கண் முழுக்க வாசலில் இருந்தது. நான் வழக்கம்போல அவர்கள் வீட்டு எண்ணைத் தட்டிவிட்டேன். அவள் கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்த எண் கிர்க்கின் போன். படம் அச்சானதும் இயந்திரம் அந்த எண்ணுக்குத் தானாகச் செய்தி அனுப்பும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கிர்க் சாலோ வந்தான். ஊரின் குட்டிப் பையன்களுக்கு ஹாக்கி சொல்லித் தருகிறவன். ஜனவரியில் பனியில் புதைந்த என் காரைக் கயிறு கட்டி இழுத்துக் கொடுத்தவன். தங்கமான பிள்ளை என்று நானே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். எனக்கு நன்றாக வேண்டும்.

"என்ன ஐலா, படம் ரெடின்னு மெசேஜ் வந்திருக்கு. என் பொறந்த நாளுக்கு அவ ஏதோ ரகசியமா பண்றா போல." போனைத் தூக்கிக் காட்டினான்.

ஐலா செய்தியைப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எதற்கென்று அப்போது எனக்குத் தெரியாது, ஆனால் நான் எதையோ உடைத்துவிட்டேன் என்று மட்டும் தெரிந்தது.

"வார்த்தை சொல்லுங்க கிர்க்."

வரிசையில் ஆறேழு பேர். எல்லோரும் சிரித்தார்கள். கிர்க்கும் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தான். நாயின் பெயரைச் சொன்னான், இல்லை. தன் ஹாக்கிச் சட்டை எண், இல்லை. தன் அணியின் பெயர், தன் படகின் பெயர், தன் அம்மா பெயர், எதுவும் இல்லை. ஒன்று சொல்ல மறந்துவிட்டேனே. அவன் சொன்ன அத்தனையும் அவனுடையவை.

"குடுத்து அனுப்பேன் ஐலா, நம்ம கிர்க்தானே," என்றார் யாரோ.

"வார்த்தை தெரியலைன்னா கவர் உங்களுது இல்லைங்க."

கிர்க்கின் சிரிப்பு நின்றது. முகம் மாறவில்லை, சிரிப்பு மட்டும் அணைந்தது. மேஜையில் இரண்டு கையையும் ஊன்றி முன்னால் சாய்ந்தான். குரல் உயரவில்லை.

"என் பொண்டாட்டி படத்தை என்கிட்டயே மறைக்கிறீங்களா? மேனேஜரக் கூப்பிடுங்க."

மேனேஜர் டரெல் வந்தான். ஊர்ப் பெரியவர்களிடம் நல்ல பேர் வாங்க அலைகிறவன். இந்த வார்த்தை ஏற்பாட்டை ஒழிக்க இரண்டு வருடமாகச் சமயம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஐலா, போதும் விளையாட்டு. எடுத்துக் குடுங்க."

"எதை எடுக்கிறது? கவர்ல பேர் இல்ல. மெஷின்ல அழிச்சாச்சு."

"அப்ப ஒவ்வொண்ணா தொறந்து பாருங்க."

ஐலா டிராயரை முழுசாக இழுத்து மேஜை மேல் வைத்தாள். அதற்கு முன் நான் அவளிடம் கேட்டிராத அளவுக்குச் சத்தமாகப் பேசினாள்.

"நாப்பத்தி மூணு கவர் இருக்கு. நான் தொறக்க மாட்டேன். நீங்க தொறங்க டரெல். இங்கயே, இத்தனை பேர் முன்னாடி, ஒவ்வொரு படமா தூக்கிக் காட்டி இது யாருதுன்னு கேளுங்க."

டரெல் முதல் கவரில் கை வைத்தான். வரிசையில் சிரிப்புச் சத்தம் அடங்கிவிட்டது. அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் அந்த டிராயரில் ஒரு கவர் இருந்தது.

"தம்பி, அதை வை." டொய்வோ கிழவர்தான். "என்னோடதும் அதுல இருக்கு."

"தாத்தா, ஒரு நிமிஷ வேலை..."

"ஒரு நிமிஷமும் வேண்டாம். என் மண்ணாங்கட்டி என்னோடயே இருக்கட்டும்."

யாரும் சிரிக்கவில்லை. பின்னால் நின்ற நூலகத்து அம்மா, "என் கவரையும் தொடாதீங்க" என்றாள். பனி வாரும் வண்டி ஓட்டுகிறவன் கழுத்து சிவக்கத் தரையைப் பார்த்தபடி, "விட்டுருங்க டரெல்" என்றான். அடுத்தவன் குடிசை என்றால் வேடிக்கை, தன் குடிசை என்றால்தான் நெருப்பு சுடும். டரெல் கையை எடுத்தான். வேறு என்ன செய்வான், அத்தனை பேரும் அவன் வாடிக்கையாளர்கள்.

கிர்க் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "சரி, வீட்டுலயே கேட்டுக்கிறேன்" என்று வெளியே போனான்.

அந்த வாக்கியம்தான் என் நெஞ்சில் விழுந்தது. கண்ணாடிக் கதவு வழியாக அவன் வண்டி மர அறுவை ஆலைப் பக்கம் திரும்பியது தெரிந்தது. அவனுக்கு வேலை ஐந்து மணி வரை. ஐலா அதற்குள் சுவரில் ஒட்டியிருந்த பள்ளிக்கூட எண்ணைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். பிள்ளைகளின் வகுப்புப் படங்களுக்காக ஒட்டி வைத்த எண் அது.

"சமையலறை டானெலைக் கூப்பிடுங்க... டானெல், நான் ஐலா. படம் ரெடின்னு செய்தி கிர்க் போனுக்குப் போயிருச்சு. கவர் பத்திரமா இருக்கு. நீ வியாழக்கிழமை வரைக்கும் காத்திருக்காத."

அவ்வளவுதான் பேசினாள். டானெல் அன்று வீட்டுக்கே போகவில்லை. பிள்ளைகளை வகுப்பிலிருந்தே கூட்டிக்கொண்டு, எழுபது மைல் தள்ளியிருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான் என்னுடையது. அன்று சாயங்காலம் கடை அடைக்கும்போது ஐலாவிடம் போய் நின்றேன்.

"எண்ணைத் தட்டினது நான்தான்."

"தெரியும்."

"நல்லா திட்டு. பத்து நாளைக்குத் தாங்குற மாதிரி திட்டு."

"திட்டி என்ன ஆகப் போகுது. உன் காருக்குப் பனி டயர் இருக்கில்ல? வியாழக்கிழமை என்னைக் கூட்டிட்டுப் போ. நான் அந்த ரோட்டுல ஓட்ட மாட்டேன்."

வியாழக்கிழமை இருவரும் விடுப்பு எடுத்தோம். ஐலா ஏலக்காய் ரொட்டியை ஒரு துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தாள். கவரைக் கோட்டுக்குள் வைத்துப் பொத்தான் போட்டிருந்தாள். வழி முழுக்க நான் ஒருத்தியே பேசினேன், பயத்தில் எனக்குப் பேச்சு இன்னும் பெருகும். மாவட்ட நீதிமன்றப் படிக்கட்டில் டானெல் அக்காவோடு நின்றுகொண்டிருந்தாள். முகம் காகிதமாக வெளுத்திருந்தது. கையை நீட்டினாள்.

ஐலா கோட்டுப் பொத்தானில் கை வைத்தபடி நின்றாள்.

"வார்த்தை?"

டானெலின் அக்கா வாயைப் பிளந்துவிட்டாள். எனக்கே அடிக்கலாம் போல வந்தது. ஆனால் டானெல் சிரித்தாள். அன்று அவள் வெளுத்த முகத்துக்கு ரத்த ஓட்டம் திரும்பியது அந்தச் சிரிப்பில்தான்.

"டிரம்பெட்," என்றாள்.

பள்ளிக்கூட வாத்தியக் குழுவில் நாலு வருடம் டிரம்பெட் வாசித்தவளாம். ஊர்வலத்தில் முதல் வரிசையாம். ஏழு வருடம் அவளோடு குடித்தனம் செய்தவனுக்கு அது ஞாபகமே வரவில்லை.

நான் டானெலிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "உங்களுக்கு எல்லார் நம்பரும் ஞாபகம் இருக்கு இல்ல," என்றாள். "என்னோடதை மறந்துருங்க." நியாயமான பேச்சு. மறக்க முயற்சி செய்துகொண்டிருக்கிறேன். இப்போதெல்லாம் வாடிக்கையாளர் தானாகச் சொன்னாலொழிய நான் எந்த எண்ணையும் தட்டுவதில்லை. வாயில் வந்து நிற்கும், விழுங்கிவிடுவேன்.

அரை மணி நேரத்தில் நீதிபதி தடை கொடுத்தார். படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாராம், ஆறாவதை மட்டும் இரண்டு முறை. கிர்க் இப்போது மாநிலத்தின் தென்கோடியில் எங்கோ வேலையில் இருப்பதாகக் கேள்வி. குட்டிப் பையன்களுக்கு ஹாக்கி சொல்லித்தர வேறு ஆள் வந்தாயிற்று. டரெல் வார்த்தை ஏற்பாட்டைப் பற்றி மறுபடி மூச்சு விடவில்லை. அவனே போன மாதம் ஒரு கவர் கொடுத்து, ஐலாவின் காதில் ஒரு வார்த்தை சொன்னான். என்ன வார்த்தை என்று தெரிந்துகொள்ள நான் எவ்வளவோ பார்த்துவிட்டேன், நடக்கவில்லை.

இந்த மே மாதம், ஏரியில் ஐஸ் உடைந்து போன வாரம், டானெல் கடைக்கு வந்தாள். ஊருக்கே திரும்பி வந்து, ரொட்டிக் கடைக்கு மேல் இரண்டு அறை வாடகைக்கு எடுத்திருந்தாள். புதுப் போன், புது எண். அதை நான் கேட்கவில்லை. இயந்திரத்தின் முன்னால் நிதானமாக நின்று, சின்னவனின் ஐந்தாவது பிறந்த நாள் படங்களைத் தேர்ந்தெடுத்தாள். ஐலா வழக்கம்போல முதுகைக் காட்டித் திரும்பினாள்.

"ஐலா, திரும்புங்க. நீங்களும் பாருங்க."

ஐலா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். நானும் கல்லாவை விட்டு ஓடினேன். மஞ்சள் திரைச்சீலை போட்ட சின்னச் சமையலறை, மூக்கெல்லாம் கேக் பூசிய பையன், அவன் பக்கத்தில் கழுத்தில் எதுவும் சுற்றாமல் டானெல். கடைசிப் படத்தைப் பெரிதாகக் கேட்டாள். பெரியது என்றால் பின்னறை இயந்திரம், நாளைக்குத்தான் கிடைக்கும். ஐலா ஒரு கவரை எடுத்துப் பேனாவைத் திறந்தாள்.

"வார்த்தை சொல்லு."

"வார்த்தை வேண்டாம். என் பேரை எழுதுங்க."

ஐலா பேனாவைக் கவரின் மேல் வைத்தாள். பதினொரு வருடமாக அவள் கவரில் ஒரு பெயர் எழுதியதில்லை.

"முழுப் பேரா?"

"டானெல் கிவெலா. எங்க அப்பா வீட்டுப் பேரு. பெருசா எழுதுங்க, வாசல்லேர்ந்தே தெரியணும்."

ஐலா அந்தப் பேனாவை மூடி வைத்துவிட்டு, விலைச்சீட்டு எழுதும் தடித்த கறுப்புப் பேனாவை என்னிடம் கேட்டு வாங்கினாள்.