தொப்பிக்குள் ஒரு திங்கட்கிழமை

என் சித்தப்பா செகோபே தங்கச் சுரங்கத்தில் பாறைத் துளைகளுக்குள் வெடிமருந்து திணித்தவர். ஞாயிறு விடுமுறையில் உடம்பு அந்த மருந்தை மறந்துவிடும். திங்கட்கிழமை மறுபடி தொட்டதும் மண்டை பிளக்கும். அதனால் அங்கே எல்லோரும் செய்ததை அவரும் செய்தார்: தொப்பியின் உள்பட்டியில் அந்த வெடிமருந்தில் ஒரு துணுக்கைச் செருகி, ஞாயிறு முழுக்கத் தலையில் வைத்திருந்தார்.

சொந்த ஊரான லெசோதோ மலைக்கே திரும்பி ஆடு வளர்த்த காலத்தில் நெஞ்சுவலி வந்தது. வலிக்கும்போது நாக்கடியில் வைக்க ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். முதல் மாத்திரையிலேயே அந்தத் தலைவலி வந்துவிட்டது.

"பழைய சிநேகிதன்தான். சட்டைய மாத்திட்டு வந்திருக்கான்," என்றார். உண்மைதான். இரண்டும் ஒரே மருந்து.

நான் ஊர் சுற்றித் திரும்பிய வாரம் அவர் ஆட்டுப்பட்டியில் சுருண்டு விழுந்தார். உதடு ஈயம் போலிருந்தது. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தும் நிறம் மாறவில்லை. மூச்சு இழுத்துக்கொண்டே இருந்தார். டாக்டர் லிசெபோ எடுத்த ரத்தம் காப்பி டிகாஷன் நிறத்தில் இருந்தது. காற்றில் குலுக்கினார். சிவக்கவில்லை.

"காத்து உள்ள போகுது, ரத்தம் புடிக்க மாட்டேங்குது. மிச்சமிருக்கிற நல்ல ரத்தமும் புடிச்சத விடாது, கஞ்சன் மாதிரி. என்ன தின்னாரு?"

"நெஞ்சு மாத்திரைதான் டாக்டர்," என்றாள் சித்தி மாலினெயோ. "வலிச்சா மட்டும்."

கட்டிலடியில் தொப்பி கிடந்தது. எடுத்து உள்பட்டியைத் திருப்பினேன். மாத்திரைகள் உதிர்ந்தன.

"சித்தப்பா, தினமுமா?"

முகமூடிக்குள்ளிருந்து முனகினார். "கடவாயில... ஒண்ணு மாத்தி ஒண்ணு. விட்டா... திங்கக்கிழம வந்துரும்."

"அளவு மீறினா ரத்தத்த கெடுக்கிற மருந்துய்யா அது!" டாக்டர் அவர் கன்னத்துக்குள் விரல் விட்டு, கரையாத ஒன்றைத் தோண்டி எறிந்தார். மாற்று மருந்து தேடி நர்ஸ் அலமாரியைக் கலைத்தாள். இல்லை. அடுத்த அறைக்கு ஓடினாள். சித்தப்பாவின் கண்கள் செருகின. சித்தி அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் நர்ஸ் கொண்டுவந்த மருந்து மை போல நீலமாக இருந்தது.

ஊசி மெல்ல இறங்கியது. நான் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரத்தில் முதலில் சிவந்தது.

கண் திறந்தவர் காலிக் குப்பியைப் பார்த்தார். "நீலமா கிடந்தவனுக்கு நீல மருந்தா? கஞ்சத்தனம் பண்ணாம ஊத்துனீங்களா?"

"வாய மூடு மனுசா," என்று சித்தி அழுதாள்.

இப்போது மாத்திரைகள் அவள் மடியில். போன வாரம் உண்மையாகவே நெஞ்சு வலித்து, ஒன்று வாங்கிப் போட்டார். கொஞ்ச நேரத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு, "பாவி, மண்டை வெடிக்குதுடி!" என்று கத்தினார்.

"வெடிக்கட்டும். திருட்டுத்தனமா திங்கலன்னு தெரியுதுல்ல," என்று சித்தி களி கிண்டப் போனாள். ரொம்ப நாளைக்குப் பிறகு ஏதோ பாட்டை முணுமுணுத்தாள்.