உள்ளே விடலாமா என்று கேட்கும் பெட்டி

இணையத்தில் சேர்ந்த ஒரு நிமிடத்தில் என் கணினி அணைந்துவிடும். சும்மா அணையாது. திரையின் நடுவில் ஒரு பெட்டி வந்து, செய்த வேலையைச் சேமித்துக்கொள் என்று எச்சரித்துவிட்டு, நொடிகளைப் பின்னோக்கி எண்ணத் தொடங்கும். பூஜ்யம் வந்ததும் தானே அணைந்து தானே எழுந்திருக்கும். மறுபடி போன் லைன் வழியாக இணையத்தைப் பிடித்தால் மறுபடி அதே எண்ணிக்கை. இரண்டாயிரத்து மூன்றா நான்கா என்று இப்போது நிச்சயமில்லை. மழைக்காலம் என்பது மட்டும் நினைவிருக்கிறது. மலைமேல் சில ஊர்கள் சேர்ந்த எங்கள் திண்ணனூர் நாட்டில் மழை பெய்தால் லைனில் இரைச்சல் கேட்கும்; அதனால் முதல் சில நாட்கள் நான் மழையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது எனக்குச் சோறு போட்டது அந்தக் கணினிதான். சேலத்தில் ஓர் அலுவலகம் பழைய ஆங்கிலப் புத்தகங்களின் பக்கங்களைப் படமாக சிடியில் அனுப்பும். நான் பார்த்து டைப் அடித்து மெயிலில் திருப்பி அனுப்ப வேண்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். படித்தவன் மலையிறங்கித் திருப்பூருக்குப் போய்விடுவான் என்று ஊரே எதிர்பார்த்தது. அப்படிப் போகாமல் இருக்கட்டும் என்றுதான் அப்பா ஒரு போகத்து மிளகை விற்று அந்தக் கணினியை வாங்கித் தந்தார். டைப் வேலை கைவிட்டுப் போனால் நானும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

ஏற்கெனவே தாமதமாக அனுப்பிக் கெட்ட பெயர் வாங்கியிருந்தேன். அலுவலகத்துக்காரர் போனில் சலித்துக்கொண்டார்.

"தம்பி, மெசின்ல வைரஸ் பூந்திருக்கு. அத எடுத்துட்டு ஃபயர்வால் ஒண்ணு போடுங்க. வியாழக்கிழமை ஃபைல் வரலைன்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

வெளியிலிருந்து எதுவும் நுழையாமல் காவல் நிற்கும் மென்பொருளாம் அது. எந்த ஃபயர்வால் என்று கேட்டேன். நல்லதாகப் பார்த்துப் போடச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நல்லதை எங்கே போய்ப் பார்ப்பது? இணையத்திலிருந்து இறக்க வேண்டும். இறக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எனக்குக் கிடைப்பதோ ஒரு நிமிடம். பஸ் பிடித்து மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக்கு இறங்கினேன். அங்கே பிரவுசிங் சென்டர் வைத்திருந்த அண்ணன், வைரஸை எடுக்கும் மென்பொருளோடு நான்கு ஃபயர்வால்களையும் ஒரே சிடியில் எழுதிக் கொடுத்தார். இதில் எது நல்லதுங்க என்று கேட்டேன். காசு கேட்காதது எல்லாமே நல்லதுதான் என்றார்.

எனக்கு அந்தப் பதில் போதவில்லை. படித்தவன் அல்லவா? அங்கேயே உட்கார்ந்து ஒப்பீட்டுக் கட்டுரைகளைத் தேடி அச்செடுத்து, வளைவுக்கு வளைவு குமட்டும் பஸ்ஸில் படித்துக்கொண்டே ஏறினேன். ஒரு கட்டுரையில் முதலிடத்தில் இருந்தது அடுத்ததில் கடைசியில் இருந்தது. மூன்றாவது கட்டுரை இரண்டையும் குப்பை என்றது.

எங்கள் கிழங்குக் காட்டில் பன்றி நுழையாமலிருக்க அப்பா முள்வேலி போட்டு, அதற்கு உள்பக்கம் பழைய சேலைகளையும் சுற்றிக் கட்டியிருப்பார். அந்த யோசனையில் நான் வைரஸை எடுத்துவிட்டு இரண்டு ஃபயர்வால்களைச் சேர்த்துப் போட்டேன். அவை ஒன்றையொன்று பன்றி என்று நினைத்துக்கொண்டன. மவுஸ்கூட நகரவில்லை. அவற்றைப் பிரித்தெடுக்கவே ஒரு நாள் போயிற்று.

கடைசியில், எது மிகக் கண்டிப்பானது என்று எழுதியிருந்ததோ அதையே வைத்துக்கொண்டேன். கணினி அணைவது நின்றது. ஆனால் பெட்டிகள் வரத் தொடங்கின. இன்ன நிரல் இணையத்துக்குப் போகப் பார்க்கிறது, அனுமதிக்கலாமா? இன்ன இடத்திலிருந்து ஒன்று உள்ளே வரப் பார்க்கிறது, அனுமதிக்கலாமா? பெயர்களோ பாதி எழுத்து உதிர்ந்துபோன பெயர்கள். எது என் கணினியின் சொந்த உறுப்பு, எது வெளியாள் என்று எனக்கே விளங்கவில்லை. ஒரு பக்கம் டைப் அடித்து முடிப்பதற்குள் பத்துக் கேள்வி.

என்ன ஏது என்று அம்மா கேட்டார். யாரோ வாசலில் வந்து நின்று, உள்ளே வரலாமா என்று கேட்கிற மாதிரி என்று விளக்கினேன். அந்த விளக்கத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

வியாழக்கிழமை காலை ஃபைலை அனுப்பத் தொடங்கியபோது கிழங்கு ஏற்ற லாரி வந்துவிட்டது. மூட்டை தூக்க ஆள் போதவில்லை என்று அப்பா கூப்பிட்டார். பெட்டி வந்தால் இடது பக்கத்துப் பொத்தானை அமுக்க வேண்டும், வேறு எதையும் தொடக் கூடாது என்று அம்மாவிடம் காட்டிவிட்டு ஓடினேன்.

திரும்பி வந்தபோது ஃபைல் பாதியில் நின்றிருந்தது. மெயில் திறக்கவே இல்லை.

"யாராச்சும் வந்தாங்களா?" என்றேன். நானே அப்படிக் கேட்கும் நிலைக்கு வந்திருந்தேன்.

"மொதல்ல வந்ததுக்கு நீ சொன்னபடிதான் அமுக்குனேன் கண்ணு. மறுக்கா மறுக்கா வந்து நிக்குது. நீயும் ஊட்டுல இல்ல, உங்கப்பனும் இல்ல. ஆம்பள இல்லாத நேரத்துல அத்தன பேர எப்படி உள்ள உடறது? அப்பறமா வாங்கன்னு அந்தப் பக்கத்த அமுக்கிட்டேன்."

அந்தப் பக்கம் இருந்தது 'மறு' என்ற பொத்தான். ஒருமுறை மறுத்தால் அந்த ஃபயர்வால் மறக்காது. அம்மா மறுத்தவற்றில் என் மெயில் நிரலும் இருந்தது. எங்கே போய் அதை மீட்பது என்று தேடினேன். சாளரத்துக்குள் சாளரமாகத் திறந்ததே தவிர வழி தெரியவில்லை. கோபத்தில் அம்மாவைத் திட்டவும் முடியவில்லை. வாசலில் ஆள் வந்து நிற்கிற மாதிரி என்று விளக்கியவன் நான்தான்; வாசலில் செய்வதைத்தான் அவர் ஒழுங்காகச் செய்திருந்தார்.

ஃபைலை பிளாப்பியில் ஏற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மறுபடி பஸ் ஏறினேன். பிரவுசிங் சென்டரில் பிளாப்பி திறந்தது, ஃபைல் போயிற்று. அலுவலகத்துக்குப் போன் போட்டேன். வந்துவிட்டது, ஆனால் இழுத்தடிப்பதைப் பொறுத்துக்கொள்வது இதுதான் கடைசி முறை என்றார். அதன் பிறகுதான் கவனித்தேன்: அந்த நேரம் முழுவதும் அங்கே ஒரு பெட்டிகூட வரவில்லை. ஃபயர்வாலே போடவில்லையா என்று அண்ணனிடம் கேட்டேன். போட்டிருக்கிறது என்றார். எனக்குக் கொடுத்த நான்கில் ஒன்று. எல்லாக் கட்டுரைகளும் மட்டம் என்று தள்ளிய ஒன்று. வெளியிலிருந்து தானாக வருவதைத் தடுத்துவிடும், உள்ளேயிருந்து போவதைப் பற்றி வாயே திறக்காது.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமுல்லங்கண்ணா?"

"நீ எது நல்லதுன்னு கேட்ட. மெசின்ல யாரு உக்காருவாங்கன்னு சொன்னியா? இங்க ஒருத்தன் ரிசல்ட் பாக்க வாரான், ஒருத்தன் ஜாதகம் பாக்க வாரான். அவனப் போயிக் கேள்வி கேட்டா எந்திரிச்சு ஓடிருவான்."

எரிச்சலாக இருந்தது. நான் அச்செடுத்த அத்தனை அட்டவணைகளிலும் அப்படி ஒரு கட்டமே இல்லை.

அன்றிரவே கண்டிப்பானதை எடுத்துவிட்டு வாய் திறக்காததைப் போட்டேன். அடுத்த கட்டுப் பக்கங்களை முடித்து அனுப்பும் நாளில் அம்மா தாமாகவே வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். ஃபைல் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. திரையில் எதுவும் வரவில்லை.

"ஏங்கண்ணு, இன்னிக்கு ஒருத்தருமே வல்லியே?"

"வந்திருப்பாங்கம்மா. அதுவே பாத்துத் திருப்பி அனுப்பிச்சிருக்கும்."

அம்மா திரையைச் சந்தேகமாகப் பார்த்தார். "நம்மளக் கேக்காமயா?"

ஆமாம் என்றேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஃபைல் போய்ச் சேர்ந்ததும் இணையத்தைத் துண்டித்தேன். கொஞ்ச நேரத்தில் போன் மணி அடித்தது. சேலத்துக்காரர்தான். அடுத்த சிடியை பஸ்ஸில் கொடுத்துவிட்டிருப்பதாகச் சொன்னார்.