எடுக்காத ஜெராக்ஸ்

எழுத்தாளர் செத்தாலும் எழுத்து சாகாது என்று இரங்கல் கூட்டத்தில் ஆளாளுக்குப் பேசினார்கள். கேட்கக் கேட்கப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் ஊர் எழுத்தாளர் அண்ணனின் கடைசி எழுத்தை மண்ணுக்குள் அனுப்பியவனே நான்தான்.

உத்திரமேரூரில் எனக்கு ஜெராக்ஸ் கடை. அண்ணன் கூலி வேலைக்குப் போய்க்கொண்டே நாலு புத்தகம் எழுதியவர். நான் படித்து அழுத முதல் புத்தகம் அவருடையது. ஐந்தாவதைக் கையால் எழுதி முடித்து நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"ஒரு காபி எட்து வையி நைனா. எனக்கு ஒடம்பு சரியில்ல."

ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி எடுக்க வேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று மாதம் ஓட்டினேன். படிக்கக்கூட இல்லை. ஒருநாள் அவரே வந்து நின்றபோது, "எட்துட்டேண்ணா, பத்திரமா கீது" என்று கூசாமல் சொல்லி நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த வாரமே போய்விட்டார்.

எங்கள் பக்கம், செத்தவருக்குப் பிடித்ததை உடன் வைத்துப் புதைப்பார்கள். வெற்றிலை, சுருட்டு, குடிக்கிறவர் என்றால் ஒரு குவார்ட்டர். எழுதப் படிக்கத் தெரியாத அண்ணி, அந்த நோட்டை எடுத்துவந்து புருஷன் நெஞ்சின்மேல் வைத்தார்.

"ஐயோ, அது புக்கு போடறதாச்சே!" என்றார் ஒருவர்.

"அதான் நைனா காபி வெச்சிகினு கீதே. இது அவரோட போவட்டும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். வாயைத் திறந்திருந்தால் என் மானம்தான் போயிருக்கும், வேறென்ன? அந்த நேரத்தில் அதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. த்தூ!

சுடுகாட்டுக்குப் போகும் வழியில் ஏரி தளும்பிக் கிடந்தது. வேட்டுச் சத்தத்துக்குக் கொக்குகள் மொத்தமாக எழும்பி, வெயிலில் ஒரு சுற்று சுற்றி மறைந்தன. அவர் இருந்தால் நின்று பார்த்திருப்பார். இன்றைக்கென்று இந்த அழகெல்லாம் எந்த எழவுக்கு என்று ஆத்திரம் வந்தது. குழியில் நானும் மூன்று கைப்பிடி மண் போட்டேன்.

கருமாதி முடிந்த மறுநாள் அண்ணி கடைக்கு வந்தார்.

"அந்தக் காபில நான் வரனா நைனா?"

"வர்றீங்க அண்ணி."

அழுது வீங்கிய முகம் அப்படியே மலர்ந்தது. "இன்னான்னு எழுதிகீறாரு? படி, கேக்கறேன்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

யாரோ விட்டுப்போன நிலப் பத்திரத்தின் நகல் கட்டு மேசைமேல் கிடந்தது. அதை எடுத்து விரித்துவைத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் படிக்க ஆரம்பித்தேன்.